மான் கண்ணுக்குத் தெரியாத சட்டை

1/
போன மாசம் ஓ.பி.யில ஒரு தம்பி வந்தான். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில வேலை. டிரான்ஸ்போர்ட் வண்டி லைசென்சுக்கு மெடிக்கல் சர்டிபிகேட் வேணும். மேல பச்சைக் கேமோ டி-ஷர்ட், கீழ பழுப்புக் கேமோ கார்கோ பேண்ட். ரெண்டும் வேற வேற டிசைன். பின்னாடி நின்ன பாட்டி, "மிலிட்டரியாப்பா?"ன்னு கேட்டுட்டாங்க. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

2/
சர்டிபிகேட்டுக்கு நிறப் பார்வை பார்க்கணும். புள்ளி புள்ளியா வட்டம் இருக்கும், நடுவுல ஒரு எண் ஒளிஞ்சிருக்கும், அந்த அட்டைதான். முதல் அட்டை சரியா சொன்னான். அடுத்ததுல இருந்து தடுமாற்றம். சிவப்பு-பச்சை நிறக்குருடு. அவனுக்கே அன்னிக்குத்தான் தெரியும். கொஞ்ச நேரம் பேசாம இருந்தவன் சிரிச்சுக்கிட்டே சொன்னான்: "ஆனா சார், ராத்திரி காட்டுல முயல், மான் எல்லாம் என் கண்ணுக்குத்தான் சார் முதல்ல படும்."

3/
"எந்தக் காட்டுலப்பா?"ன்னு கேட்டேன். முகம் மாறிடுச்சு. "ஊர்ல சார். மாமா கூட. சும்மா பார்க்கப் போவோம்."

சும்மா பார்க்க யாரும் ராத்திரி போறதில்லை. வெளிய இன்னும் அறுபது பேர் நிக்கிறாங்க. அவனுக்கு ரெண்டு நிமிஷம்தான் பேச முடிஞ்சுது. மீதியை இங்க சொல்றேன். பெரிய த்ரெட் மக்களே, பொறுமையா படிங்க. சங்க காலத்துல ஆரம்பிச்சு வண்டலூர்-வாலாஜாபாத் ரோட்டுல முடியும்.

4/
நான் இருக்கிறது படப்பை. அந்த ரோட்டுல மேற்கே போனா வாலாஜாபாத், அப்புறம் காஞ்சிபுரம். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடின பாட்டுதான் பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் எழுதினது. பரிசு தேடிப் போற பாணனுக்கு வழி சொல்ற பாட்டு. போற வழியில எயினர்னு வேட்டைக்காரங்க குடியிருப்பு ஒண்ணு வருது.

5/
எயினர் வீட்டு முற்றத்துல விளாமரம். அதுல ஒரு மானைக் கட்டி வச்சிருக்காங்க. அது சாப்பிடறதுக்கு இல்ல. பழக்கின மான். அதைக் காட்டுல விட்டா மத்த மான்கள் பயமில்லாம பக்கத்துல வரும். அதுக்குப் பேரு பார்வை விலங்கு. பொதுக்காலம் தொடங்கின சமயத்துலயே நம்ம ஆளுங்க ஒரு விஷயத்தைப் புரிஞ்சு வச்சிருந்தாங்க: மானை ஏமாத்த மனுஷன் வேஷம் போட்டுப் பிரயோஜனம் இல்ல, இன்னொரு மானே வேணும்.

6/
அதே பாட்டுல இன்னொரு வழியும் இருக்கு. தண்ணி இருக்கிற இடத்துக்குப் பக்கத்துல குழி வெட்டி, அதுக்குள்ள ஒடுங்கி உட்கார்ந்து, ராத்திரி பன்றி வர்ற வரைக்கும் காத்திருக்கிறது. உடுப்பைப் பத்திப் பேச்சே இல்ல. உருவம் தெரியக்கூடாது, அசையக்கூடாது, அவ்வளவுதான். இந்த ரெண்டு விதியையும் மனசுல வச்சுக்கோங்க. 2000 வருஷம் கழிச்சு சயின்ஸும் இங்கதான் வந்து நிக்குது.

7/
ராஜாக்கள் வேட்டை வேற ரகம். பறை அடிச்சு, ஆள் விட்டு, விலங்கை விரட்டிக் கொண்டு வருவாங்க. ராஜா ஒளியவே தேவையில்ல, பட்டு கட்டிக்கிட்டே போகலாம். வெள்ளைக்காரன் ஊட்டியில நரி வேட்டை ஆடினப்பவும் அதே கதை. நாய்க்கூட்டம் துரத்தும், பின்னாடி குதிரையில சிவப்புக் கோட்டு போட்ட துரைங்க போவாங்க. விரட்டுற வேட்டைக்கு நிறம் முக்கியமில்ல. தனியா, மெதுவா நெருங்குற வேட்டைக்குத்தான் நிறம் பிரச்சனையாச்சு.

8/
நிறத்தை மறைக்கிற உடுப்போட கதை நம்ம துணைக்கண்டத்துலதான் பெரிசா ஆரம்பிக்குது. 1846-ல பெஷாவர்ல ஹாரி லம்ஸ்டன்னு ஒரு அதிகாரி கைட்ஸ்னு ஒரு படை திரட்டினார். பிரிட்டிஷ் சிப்பாய்ன்னா சிவப்புக் கோட்டு. அந்தப் புழுதி மண்ணுல அது சுடுறவனுக்குக் குறி மாதிரி. அதனால மண் நிறத் துணி. பாரசீகத்துல 'காக்'னா புழுதி. புழுதி நிறம்தான் காக்கி.

9/
இதுல நம்ம பழைய சென்னை மாகாணத்துக்கும் பங்கு உண்டு. அப்போ மங்களூரும் மெட்ராஸ் மாகாணம்தான். அங்க பாசல் மிஷன்காரங்க நடத்தின நெசவாலைக்கு 1851-ல ஜான் ஹாலர்னு ஒருத்தர் வந்தார். விசைத்தறிக்கு முந்தின மேம்பட்ட கைத்தறிகளைக் கொண்டு வந்ததோட, துவைச்சாலும் போகாத காக்கிச் சாயத்தை உருவாக்கினவர்னும் அவரைச் சொல்றாங்க. இன்னிக்கு நம்ம ஸ்டேஷன் ஏட்டய்யா போட்டிருக்கிற நிறத்துக்குப் பின்னாடி இவ்வளவு கதை இருக்கு.

10/
1899-1902 போயர் போர் வர்றப்போ பிரிட்டிஷ் படை காக்கிக்கு மாறியாச்சு. ஆனா பிரெஞ்சுக்காரங்க மாறல. 1914-ல முதல் உலகப்போருக்குப் போன பிரெஞ்சு சிப்பாய் போட்டிருந்தது பளிச்சுனு சிவப்பு பேண்ட். எதிர்ல இயந்திரத் துப்பாக்கி. அந்த முதல் சில மாசத்துல செத்தவங்க எண்ணிக்கை லட்சக்கணக்கு. அதுக்கு பேண்ட் மட்டும் காரணம் இல்ல, ஆனா அதுக்கப்புறம் அந்த பேண்டைத் தூக்கிப் போட்டுட்டாங்க.

11/
1915-ல பிரெஞ்சு ராணுவம் ஓவியர்களைக் கூப்பிட்டு ஒரு தனிப் பிரிவே ஆரம்பிச்சுது. தலைமை, கிராண்ட் டி செவோலான்னு ஒரு ஓவியர். பீரங்கி மேல திட்டுத் திட்டா பெயிண்ட் அடிச்சு உருவத்தை உடைக்கிறது இவங்க வேலை. 'கேமஃப்ளாஜ்'ங்கிற வார்த்தை உலகம் முழுக்கப் பரவினது அப்போதான். 1929-ல இத்தாலி ராணுவம் டிசைன் அச்சடிச்ச கூடாரத் துணியைக் கொண்டு வந்தது. ரெண்டாம் உலகப்போர்ல அந்த மாதிரித் துணி உடுப்பாவும் மாறிடுச்சு.

12/
போர் முடிஞ்சுது. மிச்சமான ராணுவத் துணி அமெரிக்கச் சந்தைக்கு வந்தது, மான் வேட்டைக்காரங்க வாங்கிப் போட்டுக்கிட்டாங்க. 1980-கள்ல அங்க வேட்டைக்குன்னே தனி பிராண்டுகள் வந்துச்சு. மரப்பட்டை, காஞ்ச இலை, கிளை எல்லாம் போட்டோ எடுத்த மாதிரி அச்சடிச்ச துணி. ஒவ்வொரு காட்டுக்கும், ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு டிசைன். இவ்வளவு செலவு பண்ணினவங்க ஒரு கேள்வியை மட்டும் ரொம்ப நாள் கேட்கவே இல்ல: மான் என்ன பார்க்குது?

13/
இங்க நம்ம அட்டைக் கதைக்கு வருவோம். ஷினோபு இஷிஹாரா, ஜப்பானியக் கண் மருத்துவர். ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது நிறக்குருடைக் கண்டுபிடிக்க 1917-ல இந்த அட்டைகளை வெளியிட்டார். யோசிச்சுப் பாருங்க, அந்த அட்டையே ஒரு கேமோதான். புள்ளிக் கூட்டத்துல ஒரு எண் ஒளிஞ்சிருக்கு. சில அட்டையில நமக்கு ஒண்ணும் தெரியாது, சிவப்பு-பச்சைக் குருடு உள்ளவங்களுக்கு மட்டும் எண் தெரியும்!

14/
அதனால அந்தத் தம்பி சொன்னது பொய்யில்ல. 1992-ல இங்கிலாந்துல ஒரு ஆய்வு பண்ணினாங்க. நிறக் கலவையால மறைக்கப்பட்ட வடிவங்களைச் சாதாரணப் பார்வை உள்ளவங்களை விட நிறக்குருடு உள்ளவங்க சுலபமா கண்டுபிடிச்சாங்க. நம்ம மூளை நிறத்துல மயங்கிடுது. அவங்க மூளை நிறத்தை விட்டுட்டு வடிவத்தையும் நயத்தையும் பார்க்குது. குறைன்னு நாம நினைக்கிற இடத்துல ஒரு பலமும் இருக்கு.

15/
அதே 1990-களோட தொடக்கத்துல அமெரிக்காவுல ஜார்ஜியா பல்கலைக்கழகத்துல ஆய்வாளர்கள் வெள்ளைவால் மானோட கண்ணை நேரடியா அளந்து பார்த்தாங்க. நம்ம விழித்திரையில நிறத்துக்கு மூணு வகைக் கூம்பு செல்கள். மானுக்கு ரெண்டுதான்: ஒண்ணு நீலத்துக்கு, ஒண்ணு பச்சைக்கு. சிவப்புக்குத் தனியா கிடையாது. குளம்புள்ள விலங்குகள் பொதுவா இப்படித்தான். நம்ம புள்ளிமானும் அதே குடும்பம். அதாவது அந்தத் தம்பி பார்க்கிற உலகத்துக்குக் கிட்டத்தட்ட பக்கத்து வீடு, மான் பார்க்கிற உலகம்.

16/
இப்போ ஒரு பழைய புதிர் அவிழுது. புலி ஏன் ஆரஞ்சு நிறம்? பச்சைக் காட்டுல இவ்வளவு பளிச்சுனு இருந்தா எப்படி வேட்டையாடும்? 2019-ல பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மான் மாதிரி ரெண்டு கூம்புக் கண்ணால பார்த்தா எப்படி இருக்கும்னு கணக்குப் போட்டாங்க. மானுக்கு ஆரஞ்சும் பச்சையும் ஒண்ணா கலந்துடுது. புலி நமக்குத்தான் ஆரஞ்சு. மானுக்கு அது பச்சைப் புலி. லங்கூர் குரங்குக்கு நம்மள மாதிரி மூணு கூம்பு. மரத்து மேல இருந்து அது கத்தினா கீழ மான் ஓடுறது சும்மா இல்ல.

17/
அப்போ எந்தத் துணி மானுக்குப் பளிச்சுனு தெரியும்? நீலம். நம்ம ஜீன்ஸ்! நம்ம கண் லென்ஸ் புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் வடிகட்டிடும். மான் லென்ஸ் அவ்வளவு வடிகட்டாது. அதனால நீலத்துக்கும் அதைத் தாண்டின ஒளிக்கும் அது நம்மளை விட உஷார். (பழைய காலத்துல கண்புரை ஆபரேஷன் பண்ணி லென்ஸை எடுத்துட்டு வேற லென்ஸ் வைக்காம விட்டவங்களுக்கும் புற ஊதா ஓரளவு தெரிஞ்சிருக்கு. இப்போ வைக்கிற லென்ஸ்ல வடிகட்டியும் சேர்ந்தே வருது.)

18/
இதைவிடப் பெரிய காமெடி சோப்புத்தூள். நிறைய சோப்புத்தூள்ல துணி பளிச்சுனு தெரிய ஒரு ரசாயனம் சேர்க்கிறாங்க. அது புற ஊதாவை வாங்கி நீல ஒளியா திருப்பி விடும். ஸ்கின் ஓ.பி.யில 'உட்ஸ் லேம்ப்'னு ஒரு ஊதா விளக்கு இருக்கும். இருட்டுல அதைப் போட்டா எங்க வெள்ளைக் கோட்டு பேய் மாதிரி மின்னும். நாலாயிரம் ரூபாய் கேமோ சட்டையை அந்தத் தூள்ல துவைச்சா மானுக்கு டியூப் லைட் மாட்டிக்கிட்டுப் போற மாதிரிதான். கடையில கள்ள நோட்டு பார்க்கிற விளக்குல காட்டினா நீங்களே பார்க்கலாம்.

19/
'மேலயும் கீழயும் ஒரே டிசைன்தான் போடணுமா, கலக்கலாமா?' காட்டுயிர் போட்டோ எடுக்கிற நண்பர்கள் அடிக்கடி கேட்கிறது இது. கலக்கலாம். கலந்தாதான் நல்லதுன்னு கூட சொல்லலாம். மானுக்கு நுணுக்கமான விவரம் நம்ம அளவுக்குத் தெரியாது. சின்னச் சின்ன இலை டிசைன் தூரத்துல ஒரே கறுப்புத் திட்டாயிடும், நடுவுல ஒரு மனுஷ உருவம் தனியா நிக்கும். பெரிய திட்டுகள், வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வந்தா உருவம் உடையும். தரையில உட்கார்ந்தா காஞ்ச புல் நிறம் கீழ, புதர் நிறம் மேல.

20/
ஆக, அந்தத் தம்பியோட மேட்சிங் இல்லாத டிரஸ்ஸைப் பார்த்து நான் மனசுக்குள்ள சிரிச்சது தப்பு. விஷயப்படி அவன் போட்டிருந்தது சரி.

ஆனா எந்த டிசைன் போட்டாலும் அசைஞ்சா போச்சு. மான் கண் தலையோட பக்கவாட்டுல இருக்கு, கிட்டத்தட்ட சுத்திலும் பார்க்கும். காத்து உங்க பக்கமிருந்து அது பக்கம் அடிச்சா மூக்கே சொல்லிடும். அசையாம, காத்துக்கு எதிர்த் திசையில. குழிக்குள்ள ஒடுங்கின எயினர் சொன்ன அதே பாடம்.

21/
இப்போ முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். பச்சையும் பழுப்புமா கலந்து யாரை ஏமாத்துறோம்? மானுக்கு சிவப்பு, ஆரஞ்சு, பச்சை எல்லாம் ஏறக்குறைய ஒரே கூட்டம். பச்சைக்குள்ள மறைஞ்சு போறது மூணு கூம்பு உள்ள கண்ணுக்குத்தான். அதாவது மனுஷக் கண்ணுக்கு. காட்டுல துப்பாக்கி வச்சிருக்கிறதும் அந்த மனுஷன்தான்.

22/
அமெரிக்காவுல இதைப் பட்டுத்தான் புரிஞ்சுக்கிட்டாங்க. மான்னு நினைச்சுக் கூட வந்தவனையே சுட்ட சம்பவங்கள் நிறைய. அதனால அங்க பெரும்பாலான மாநிலங்கள்ல துப்பாக்கி வேட்டைக்குப் போறவங்க கேமோ மேல பளிச்சுனு ஆரஞ்சு மேலாடை போட்டாகணும்னு சட்டம். மானுக்கு அது தெரியாது, பக்கத்துல இருக்கிறவனுக்குத் தெரியும். புலி தோல்ல இருக்கிற அதே தந்திரம்.

23/
நம்ம கதைகளுக்கு இது புதுசில்ல. மகாபாரதத்துல பாண்டு மான்னு நினைச்சு அம்பு விட்டார், அது மான் உருவத்துல இருந்த ரிஷி. ராமாயணத்துல தசரதன் யானை தண்ணி குடிக்கிற சத்தம்னு நினைச்சார், அது குடத்துல தண்ணி மொண்டுக்கிட்டிருந்த பையன். கடைசியில கிருஷ்ணரே மரத்தடியில படுத்திருந்தப்போ, பாதத்தை மான்னு நினைச்சு ஒரு வேடன் அம்பு விட்டதாத்தான் கதை முடியுது. நம்ம ரெண்டு இதிகாசத்துலயும் பெரிய திருப்பங்களுக்குக் காரணம், வேட்டையில ஆள் மாறிப் போனது.

24/
நான் பார்த்ததும் ஒண்ணு இருக்கு. என் முதல் போஸ்டிங், வேற மாவட்டம், மலையடிவாரத்துல ஒரு ஊர். ராத்திரி ரெண்டு மணி. நாலு பேர் ஒருத்தரைத் தூக்கிட்டு ஓடி வந்தாங்க. "பைக்ல இருந்து விழுந்துட்டான் சார்." வலது தொடை முழுக்க ரத்தம். துடைச்சுப் பார்த்தா சின்னச் சின்ன ஓட்டை. எக்ஸ்ரேயில வெள்ளை வெள்ளையா உருண்டை. பைக்ல இருந்து விழுந்தா தொடைக்குள்ள பால்ரஸ் குண்டு போகாது.

25/
ஏ.ஆர். போட்டு போலீசுக்குத் தகவல் அனுப்பிட்டு, ரத்தத்தை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே 108-ல மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். சுட்டது அவரோட மச்சான். கேஷுவாலிட்டி வாசல்ல சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "பச்சைச் சட்டை சார். ஒண்ணுமே தெரியல. புதர் அசைஞ்சுது, சுட்டுட்டேன்." திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கிட்டிருந்தார். அடிபட்டவர் உயிர் பிழைச்சார். கால் பிழைக்கல. அந்தப் பச்சைச் சட்டையை வெட்டி எடுத்த கத்திரி இன்னும் கையில இருக்கிற மாதிரியே இருக்கு எனக்கு.

26/
சட்டமும் சொல்லிடறேன். நீலகிரியில 1879-லயே வேட்டைக்குக் கட்டுப்பாடு வச்சு மெட்ராஸ் அரசாங்கம் சட்டம் போட்டுச்சு. ஆனா அது வேட்டையாடுறவங்களுக்கு இரை தீர்ந்துடக் கூடாதுன்னு போட்ட சட்டம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்தான் விலங்குக்காகப் போட்டது. மான் எதுவானாலும் வேட்டை குற்றம். வெளிமான் மாதிரி முதல் பட்டியல்ல இருக்கிற விலங்குன்னா 3-ல இருந்து 7 வருஷம் வரை ஜெயில். 'ஊர்ல எல்லாரும் போறாங்க'ங்கிறது கோர்ட்டுல பதில் ஆகாது.

27/
மான் பார்க்க ஆசையா? கிண்டி தேசியப் பூங்காவுல வெறும் 2.7 சதுர கிலோமீட்டர்ல, சிட்டிக்கு நடுவுல, புள்ளிமானும் வெளிமானும் இருக்கு. ஒருகாலத்துல கவர்னர் மாளிகையைச் சேர்ந்த காடு அது. நமக்குப் பக்கத்துல வண்டலூர் இருக்கவே இருக்கு. பழுப்பு நிறச் சட்டை, ஜீன்ஸ் வேணாம், பேச்சு வேணாம், அரை மணி நேரம் அசையாம உட்காருங்க. கேமோவுக்குக் காசு செலவழிக்கத் தேவையே இல்ல.

28/
நான் அதிகமா பயப்படுறது காட்டை விட நம்ம ரோட்டுக்குத்தான். வண்டலூர்-வாலாஜாபாத் ரோட்டுல ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வர்ற பசங்க: கறுப்பு டி-ஷர்ட், கேமோ பேண்ட், கறுப்புப் பை. ரோட்டைக் கடக்கிறாங்க. எதிர்ல வர்ற லாரி டிரைவருக்கு அவங்க ஒரு நிழல் கூட இல்ல. எங்ககிட்ட வரும்போது டிரைவர் சொல்றது எப்பவும் ஒண்ணுதான்: "ஆள் இருந்ததே தெரியல சார்." அந்த மச்சான் சொன்ன அதே வார்த்தை.

29/
கம்பெனியில கொடுக்கிற ஒளி பிரதிபலிக்கிற ஜாக்கெட்டைக் கேட்டோட கழட்டிடாதீங்க. வீடு வர்ற வரைக்கும் போட்டுக்கோங்க. அது இல்லன்னா பையில, ஹெல்மெட்ல ஒரு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர். வெளிர் நிறச் சட்டை. முக்கியமா டிரைவர்ல சிலருக்கு அந்தத் தம்பி மாதிரி நிறம் சரியா தெரியாம இருக்கலாம். அதனால நிறத்தை மட்டும் நம்பாதீங்க, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற பட்டைதான் எல்லார் கண்ணுக்கும் பொது.

30/
தம்பி என்ன ஆனான்னு கேட்பீங்க. கண் டாக்டர்கிட்ட அனுப்பினேன். 2020-ல விதி மாறிடுச்சு, லேசான, நடுத்தர நிறக்குருடு இருந்தா லைசென்ஸ் கிடைக்கும். அவனுது நடுத்தரம்னு எழுதி வந்துச்சு. சர்டிபிகேட் வாங்க வந்தப்போ அந்தக் கால் போனவர் கதையைச் சொன்னேன். கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் நின்னான். "மாமாதான் சார் சுடுவாரு. நான் முன்னாடி போய் எங்க இருக்குன்னு காட்டுவேன்"னான்.

31/
துப்பாக்கிக்கு முன்னாடி, ரெண்டு கேமோ போட்டுக்கிட்டு, இருட்டுல. அதைச் சொல்லி முடிச்சப்போ அவனுக்கே தொண்டை அடைச்சுது. "இனி போகல சார்"னு சொல்லிட்டுப் போனான். போகலைன்னு நம்புறேன். உங்க வீட்டுலயும் இப்படி ஒரு தம்பி இருந்தா இதை அவன் கண்ணுல படுற மாதிரி அனுப்புங்க.

நாளைக்கு டியூட்டி. சந்தேகம் இருந்தா கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன்.